வார இறுதி வகுப்பு முடித்தால் பிளே தெரபிஸ்ட் ஆகிவிடலாமா?

சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை) ஒரு பள்ளியில் கவுன்சலராக இருக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்தவர், ஏழு வருட அனுபவம், வீட்டில் தமிழ், பள்ளியில் பாதி தமிழ் பாதி மலையாளம். பிளே தெரபி என்றால் விளையாட்டு வழியாகக் குழந்தையின் மனச் சிக்கலுக்குச் செய்யும் சிகிச்சை. 'பிளே தெரபி மற்றும் லீடர்ஷிப்' என்று ஆறு வார இறுதிகளில் ஆன்லைனில் முடிந்துவிடும் ஒரு பயிற்சியின் விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. முடித்தால் 'சர்டிஃபைடு பிளே தெரபிஸ்ட்' என்று சான்றிதழ் தருவார்களாம். சேரலாமா, அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா, பலகையில் என்ன போடுவது, குழந்தையோடு விளையாடுகிற படிப்பில் லீடர்ஷிப்புக்கு என்ன வேலை என்று கேட்கிறார்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அதே தாலுகாதான், தமிழ்நாட்டு எல்லையோரம். பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் முதல் மூன்று வருடம் நானும் அரைகுறைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரடியான பதில் இதுதான். கையில் காசு இருந்தால், அறிமுகத்துக்காகச் சேருங்கள், தப்பில்லை. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்தப் பயிற்சியானாலும் சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் குழந்தையோடு உட்காரும் நேரத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை மணி நேரம் பார்ப்பார்கள்? இதற்கு அவர்களிடம் பதில் இல்லையென்றால், மீதி எல்லாம் நல்ல பேச்சுதான்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், என் கதையே அதுதான். ஆரம்பத்தில் நானும் நாலு நாள் பட்டறை ஒன்றுக்குப் போய்வந்து, பொம்மை வாங்கி, பள்ளியில் ஸ்டோர் ரூமை ஒழித்துக் குழந்தைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது ஒரு பையன் வந்தான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எட்டு வயசு, வகுப்பில் வாயே திறப்பதில்லை. மூன்றாவது வாரம் அவன் இரண்டு செங்கல் துண்டுகளை வைத்து, அதன் மேல் அடிஸ்கேலைக் குறுக்கே போட்டான். ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் சொப்புச் சாமான். லாரி வரும், ஸ்கேல் தூக்காது, லாரி திரும்பிப் போகும். பத்துப் பதினைந்து தடவை இதையே செய்தான். எனக்கு ஒரே சந்தோஷம், புரிந்துவிட்டதே என்று. "இது வேலந்தாவளம் செக்போஸ்ட்தானே? அங்க நிக்கறது போலீஸா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், ஸ்கேலை எடுத்துப் பைக்குள் வைத்தான், நோட்டை எடுத்து மணி அடிக்கும்வரை பூ வரைந்துகொண்டிருந்தான்.

வெகு நாள் கழித்து, முறையாகப் படிக்கப் போனபோது, இதைச் சூப்பர்வைசரிடம் (நம் வேலையைக் கவனித்துத் திருத்தும் அனுபவசாலி) சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அது போலீஸ்னு அவன் சொன்னானா, நீங்க சொன்னீங்களா?" அதோடு, அடுத்த குழந்தையோடு நான் இருந்த பதினைந்து நிமிடப் பதிவைப் போட்டு, நான் கேட்ட கேள்விகளை மட்டும் எண்ணச் சொன்னார். முப்பத்தொன்று. நான் ரொம்ப அமைதியான ஆள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்!

பிளே தெரபிப் பயிற்சி என்பது பெரும்பாலும் இந்த எண்ணிக்கையைக் குறைக்கிற பயிற்சிதான். பாட்டி வீட்டில் சொப்பு வைத்து விளையாடிய யாருக்கும் விளையாடத் தெரியும். ஒரு பெரிய ஆள் குழந்தையின் விளையாட்டுக்குள் நுழைந்து அதைக் கைப்பற்றாமல், அதே சமயம் காணாமலும் போகாமல், முக்கால் மணி நேரம் முழுசாகக் கூட இருப்பதுதான் கஷ்டம். ஆன்லைனில் ஸ்லைடு பார்த்து அது வராது. நீச்சலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் ஆழியாற்றில் இறங்கின மாதிரி ஆகும்.

அதற்காகப் பாடம் தேவையில்லை என்று சொல்லவில்லை, தேவைதான், ஏனென்றால் பிளே தெரபி என்பது ஒரே சரக்கு இல்லை. உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் 1920களில் குழந்தையின் விளையாட்டைப் பெரியவர்களின் கனவு போல எடுத்து அர்த்தம் சொன்னார். அன்னா பிராய்டு அப்படி அவசரப்பட்டு அர்த்தம் சொல்வதற்கு எதிர்ப் பக்கம் நின்றார், முதலில் குழந்தையோடு உறவு வரட்டும் என்றார். லண்டனில் மார்கரெட் லோவன்பெல்டு 1920களின் கடைசியில் மணல் தட்டும் சின்னச் சின்ன உருவங்களும் கொடுத்துப் பிள்ளைகளை ஓர் உலகம் கட்டச் சொன்னார், இன்றைக்கு மணல் தட்டு என்று எல்லோரும் பேசுவதன் வேர் அங்கேதான். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947ல் எட்டு நெறிகளை வகுத்தார், குழந்தை வழிகாட்டும், பெரியவர் பின்தொடர்வார் என்பது அதன் சாரம். அதையே கேரி லேண்ட்ரெத் டெக்சாஸில் பெரிய பயிற்சி முறையாக வளர்த்தார். இன்னொரு பக்கம் சூசன் நெல் மாதிரி ஆட்கள் பொம்மையை வைத்தே எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் வழியைக் கொண்டுவந்தார்கள், அங்கே பெரியவர்தான் திட்டம் போடுவார். உங்கள் விளம்பரக்காரர்களிடம் 'நீங்கள் எந்த முறை சொல்லித் தருகிறீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லாம்' என்று பதில் வந்தால் ஆறு வார இறுதியில் எதுவும் நிற்காது.

(சும்மா ஒரு விஷயம். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் கட்டின வீட்டைக் காலால் சிதைக்காதே என்று பாட்டுடைத் தலைவனான குழந்தையிடம் கெஞ்சுவது. மணல் தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். நம் புலவர்கள் கட்டுவதையும் பாடினார்கள், சிதைப்பதையும் பாடினார்கள். நாம்தான் சிதைக்கிற பிள்ளையைக் கண்டதும் 'ஏன்டா உடைக்கற' என்று பாய்கிறோம்.)

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று ஹெச்.எம். கேட்பார், கேட்கத்தான் வேண்டும். 2005ல் பிராட்டனும் மற்ற மூவரும் 93 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது விளைவின் அளவு (சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாதவர்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்ற கணக்கு) 0.80 என்று வந்தது, இந்தக் கணக்கில் அது பெரிய விளைவுதான். அதையே பிரித்துப் பார்த்தால், பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களே விளையாடும் முறைக்கு 1.15. பயிற்சி நடத்துபவர்கள் இதைத்தான் போஸ்டரில் போடுவார்கள். ஆனால் 2015ல் லின்னும் பிராட்டனும் குழந்தை மையமான முறையை (ஆக்ஸ்லைன் வழி) மட்டும் எடுத்து, கொஞ்சம் கறாராக 52 ஆய்வுகளைப் பார்த்தபோது 0.47 வந்தது, நடுத்தரம். நான் ஹெச்.எம்.மிடம் இரண்டாவது எண்ணைத்தான் சொல்வேன். 'மாயம் இல்லை, ஆனால் பலன் உண்டு' என்பது அவருக்குப் புரியும், பிறகு அடுத்த மாதமே 'என்ன டீச்சர், பையன் இன்னும் அப்படியே இருக்கான்' என்று கேட்க மாட்டார்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் 'பிளே தெரபிஸ்ட்' என்று சட்டப்படி ஒரு பதிவு கிடையாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் 1992ம் வருடச் சட்டத்தின் கீழ் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், பேச்சுப் பயிற்சியாளர் என்று சில பிரிவுகளைப் பதிவு செய்கிறது, அந்தப் பட்டியலில் பிளே தெரபிஸ்ட் இல்லை. இங்கிலாந்திலேயே ஓவியம், நாடகம், இசை வழிச் சிகிச்சை செய்பவர்களின் பட்டப் பெயருக்குத்தான் சட்டப் பாதுகாப்பு உண்டு, பிளே தெரபிஸ்டுக்கு இல்லை, அங்கே சங்கங்களே தங்களுக்குள் பதிவேடு வைத்திருக்கின்றன. அதாவது இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அதனாலேயேதான் போடக்கூடாது என்கிறேன்.

ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் அமெரிக்க பிளே தெரபிச் சங்கத்தைப் பாருங்கள். 1982ல் தொடங்கியது. அதில் பதிவு பெற்ற பிளே தெரபிஸ்ட் ஆவதற்கு முதலில் மனநலத் துறையில் முதுகலையும் உரிமமும் இருக்க வேண்டும், அதற்கு மேல் பிளே தெரபியில் மட்டும் 150 மணி நேரப் பாடம், 350 மணி நேரம் குழந்தைகளோடு நேரடி வேலை, அந்த வேலைக்கு 35 மணி நேரம் சூப்பர்விஷன். நாம் அங்கே போய்ப் பதிவு செய்யப்போவதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள், பத்து மணி நேரம் குழந்தையோடு இருந்தால் ஒரு மணி நேரம் அதைப் பற்றி ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். உங்கள் ஆறு வார இறுதிகளை, நாளுக்கு ஆறு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்தாலும், 72 மணி நேரம். அதில் ஒரு குழந்தைகூட இல்லை.

நம் ஊரில் இருந்துகொண்டு நல்லபடியாகக் கற்றுக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸில் குழந்தைகள் பாதுகாப்பு, மனநலம் சார்ந்து சம்வாத் என்ற திட்டம் 2020லிருந்து நடக்கிறது, குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியும் பயிற்சிப் பொருள்களும் தருகிறார்கள். விளையாட்டு, கதை, படம் வழியாகக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்பது அதில் நிறைய உண்டு. முழு பிளே தெரபிப் படிப்பு இல்லைதான், ஆனால் அஸ்திவாரம் உறுதி. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் விஷயத்தில் இரிஞ்ஞாலக்குடாவில் இருக்கும் மறுவாழ்வு நிறுவனமான நிப்மர், சென்னை முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் தேசிய நிறுவனம், இவை நமக்கு எட்டுகிற தூரம்தான். வெளிநாட்டுச் சங்கங்களோடு இணைந்து சர்டிபிகேட், டிப்ளமோ என்று படிப்படியாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், செலவு கூடுதல், ஆனால் சூப்பர்விஷன் உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துச் சேரலாம்.

இனி, எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத, நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒன்று. மொழி.

எங்கள் பக்கம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். விளையாடும்போது அம்மா வேஷம் போட்டால் தமிழ் வரும், டீச்சர் வேஷம் போட்டால் மலையாளம் வரும், போலீஸ் என்றால் இரண்டும் கலந்து வரும். எந்த வேஷத்தில் எந்த மொழி வருகிறது என்பதையே கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள், அது பெரிய தகவல். அதைவிட முக்கியம், உணர்ச்சிச் சொற்கள் நம்மை ஏமாற்றும். ஒரு பெண்பிள்ளை "எனக்கு விஷமமா இருக்கு டீச்சரே" என்றாள். அருகில் இருந்த கோயம்புத்தூர்ப் பயிற்சி மாணவி சிரித்துவிட்டாள், சேட்டை பண்ணத் தோன்றுகிறது என்று சொல்வதாக நினைத்து. மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். அந்தப் பிள்ளையின் பாட்டி இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சங்கடமும் அப்படித்தான், நமக்குத் தர்மசங்கடம், அவர்களுக்குத் துக்கம். ஒரே சொல் இரண்டு கரையிலும் வேறு வேறாக நிற்கிறது, எல்லையில் வளரும் பிள்ளை எந்தக் கரையிலிருந்து பேசுகிறது என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் குழந்தை சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள், உங்கள் சொல்லாக மாற்றாதீர்கள். "விஷமமா இருக்கு" என்றால் "ரொம்ப விஷமமா இருக்கு" என்று நீங்களும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மீதியை அதுவே சொல்லும், இல்லையென்றால் சொல்லாது. இரண்டும் சரிதான்.

பொம்மைகளுக்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். லேண்ட்ரெத் மூன்று விதமாகப் பார்க்கச் சொல்வார்: வீட்டையும் வாழ்க்கையையும் காட்டும் பொருள்கள், கோபத்தைக் கொட்ட உதவும் பொருள்கள், உருவாக்கிப் பார்க்க உதவும் பொருள்கள். என் பையில் என்ன இருக்கிறது என்றால், சொப்பு, ஒரு மரப்பாச்சிக் குடும்பம் (தாத்தா பாட்டியோடு, ஏனென்றால் எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகளை வளர்ப்பது அவர்கள்தான்), ஸ்டெதாஸ்கோப், ஒரு சிவப்பு ஆனவண்டி (கேரள அரசுப் பஸ்), ஒரு தமிழ்நாட்டுப் பச்சைப் பஸ், லாரி, ரப்பர் பாம்பு, முதலை, பிளாஸ்டிக் கத்தி, கைவிலங்கு, ஒரு பழைய தலையணை, களிமண், கிரேயான், ஒரு தட்டு மணல். ஒரு சின்ன மண்குடமும் உண்டு. அதை நான் தண்ணீர் எடுக்க என்று வைத்தேன், பிள்ளைகள் கள்ளுக்கடை நடத்துகிறார்கள். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பங்கு கள் போவது சித்தூரிலிருந்து, பிறகு பிள்ளைகள் வேறென்ன நடத்துவார்கள்! ஒரு பெரிய அதிகாரி பார்த்துவிட்டு அந்தக் குடத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. அப்பா குடித்துவிட்டு வரும் வீட்டுப் பிள்ளை அந்தக் குடத்தை வைத்துத்தான் பேசும், குடத்தை எடுத்துவிட்டால் அப்பா குடிப்பதை நிறுத்திவிடப் போகிறாரா என்ன.

பொம்மை எது என்பதைவிட, ஒவ்வொரு வாரமும் அதே பொம்மை, அதே இடத்தில், அதே கிழமை, அதே மணிக்கு இருப்பது முக்கியம். போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்க வரும் பிள்ளைக்குப் பச்சைப் பஸ் இல்லையென்றால் கதையே நின்றுபோகும். கொண்டுபோய்த் திருப்பித் தராத பிள்ளைகளும் உண்டு, அதற்காக இரண்டாவது பஸ் ஒன்று வீட்டில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் எல்லை, ஊர் எல்லை இல்லை, நடத்தைக்கு எல்லை. விளையாட்டு அறையில் எல்லாம் செய்யலாம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. என்னை அடிக்க வரும் பிள்ளையிடம் மூன்று வாக்கியம் சொல்வேன். "உனக்கு என் மேல கோபமா இருக்கு. நான் அடி வாங்கறதுக்கு இல்ல. அந்தத் தலகாணிய அடிக்கலாம்." முதலில் உணர்ச்சி, அடுத்து எல்லை, கடைசியில் வழி. இந்த வரிசைதான் முக்கியம். நம் வீடுகளில் நடுவில் இருக்கும் வாக்கியம் மட்டும்தான் சொல்லப்படும், அதுவும் முதுகில் ஒரு சாத்தோடு. எழுதிப் படிக்கச் சுலபம், நிஜமாகவே ஒரு பிள்ளை லாரியைத் தூக்கி நெற்றிக்குக் குறி வைக்கும்போது இந்த மூன்றும் பதற்றமில்லாத குரலில் வருவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இப்போது லீடர்ஷிப். விளம்பரத்தில் அதைச் சேர்த்திருப்பது பேர் எடுக்கத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் சமாச்சாரம் பொய் இல்லை. இந்தப் பயிற்சி முடித்து நம் தாலுகாவுக்கு நீங்கள் திரும்பினால், சுற்றுவட்டாரத்தில் இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலைமை உங்கள் தலையில்தான். மேடையில் பேசுவது, டீம் பில்டிங் என்று அவர்கள் சொல்லித் தருவது இங்கே உதவாது. வேறு சில விஷயங்கள் வேண்டும்.

முதலில், அறையைக் காப்பாற்றுவது. ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தபோது (பெயர் வேண்டாம்) நன்கொடையாளர்கள் வந்தார்கள், குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து ஐந்து பேர் உள்ளே வந்து போட்டோ எடுத்தார்கள். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்பிள்ளை மரப்பாச்சியைத் துணியால் மூடிவிட்டு, அதன் பிறகு நாலு வாரம் அதைத் தொடவே இல்லை. இப்போது வெளியே ஒரு பலகை தொங்குகிறது, மந்திரியே வந்தாலும் நாற்பத்தைந்து நிமிடம் வெளியில்தான். இந்த ஒரு 'முடியாது' என்ற சொல்லை மேலதிகாரியிடம் மரியாதையாகச் சொல்லத் தெரிவதுதான் என் கணக்கில் லீடர்ஷிப், வேறு சிலபஸ் தேவையில்லை.

ரிப்போர்ட்டும் அப்படியே. பிள்ளை என்ன விளையாடியது, யாரைக் கத்தியால் குத்தியது என்பதெல்லாம் ஸ்டாஃப் ரூமுக்கு வரக்கூடாது. ஹெச்.எம்.முக்கு என்ன கொடுக்கலாம்? வருகிறானா, எத்தனை வாரம் ஆயிற்று, வகுப்பில் என்ன மாற்றம். இதற்கு எஸ்.டி.க்யூ. என்று பிள்ளையின் பலத்தையும் சிரமத்தையும் அளக்கும் 25 கேள்விப் படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது, தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் வகுப்பு டீச்சரையே நிரப்பச் சொல்லுங்கள். அவர் கையால் எழுதின எண்ணை அவர் நம்புவார்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை மறக்கவே கூடாது. பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்று தெரிந்தால், ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ம் வருட போக்சோ சட்டம் 19ம் பிரிவின்படி போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் 21ம் பிரிவின்படி தண்டனை நமக்கு. ஆனால் பொம்மையை ஒரு மாதிரி வைத்து விளையாடினாள் என்பது மட்டுமே ஆதாரம் ஆகாது, அதற்காகத் துருவித் துருவி நீங்களே விசாரிக்கவும் கூடாது. நீங்கள் எடுத்துக் கொடுத்த சொல் பிள்ளை வாயில் வந்துவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் அந்தப் பிள்ளைதான் கஷ்டப்படும். பிள்ளை தானாகச் சொன்னதைச் சொன்னபடியே, அது சொன்ன மொழியிலேயே, அன்றைக்கே எழுதி வையுங்கள். சந்தேகமாக இருந்தால் உடனே 1098, குழந்தைகள் உதவி எண். நீங்கள் சேர நினைக்கும் பயிற்சியில் இதற்கு ஒரு முழு வகுப்பு இல்லையென்றால், சேராதீர்கள்.

பெற்றோர் பக்கம் வருகிறேன். எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி இது. பெர்னார்டு குவெர்னி, லூயிஸ் குவெர்னி தம்பதி 1960களில் ஒரு காரியம் செய்தார்கள், சிகிச்சையைத் தாங்களே கையில் வைத்துக்கொள்ளாமல் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஃபிலியல் தெரபி என்று பெயர். பிறகு லேண்ட்ரெத் அதைப் பத்து வாரமாகச் சுருக்கினார். வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம், போன் இல்லாமல், அறிவுரை இல்லாமல், பிள்ளை சொல்கிறபடி அம்மாவோ அப்பாவோ விளையாட வேண்டும், அவ்வளவுதான். முன்னே சொன்ன 1.15 இதற்குத்தான் வந்தது.

இதை இங்கே முதலில் சொன்னபோது ஓர் அம்மா கேட்டார்: "ஏனுங்க டீச்சர், வெளையாடறதுக்கெல்லாமா கிளாஸு? எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டவே நேரமில்ல." நியாயமான கேள்வி. அதனால் அரை மணி நேரத்தை இருபது நிமிடம் ஆக்கினேன், பொம்மைப் பையை ஒரு கட்டைப்பைக்குள் அடக்கி வாரம் ஒரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், நேரம் மாடு கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்த பிறகு. ஐந்தாவது வாரம் அதே அம்மா வந்து சொன்னது: "நான் ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருந்தேனுங்க. அவனே வந்து மடியில படுத்துக்கிட்டான். எத்தன வருஷமாச்சு." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த இன்னும் இரண்டு அம்மாக்களை அவரே அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது அங்கன்வாடி டீச்சர்களில் மூன்று பேர் இதைச் செய்கிறார்கள். ஒரு கவுன்சலர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க முடியும், வாரத்துக்குப் பத்து? பெற்றோருக்கும் அங்கன்வாடிக்கும் சொல்லிக் கொடுத்தால்தான் தாலுகாவுக்குப் போதும்.

உங்களால் முடியாததை யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருப்பதும் இதில் சேரும். மூன்று வயசாகியும் பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் பிளே தெரபி இல்லை, காது பார்க்க வேண்டும், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். வலிப்பு, சாப்பிடாமல் இளைத்துப்போவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, இதெல்லாம் டாக்டர் வேலை. ஒரு நோட்டில் நாலு போன் நம்பர், நாலு பேரை நேரில் பார்த்து அறிமுகம், அவ்வளவு போதும், ஆனால் அது பிள்ளை வருவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும்.

ஆக, என்னைக் கேட்டால் வரிசையை மாற்றுங்கள். முதலில் சூப்பர்வைசரைப் பிடியுங்கள். பிளே தெரபிஸ்ட்டே கிடைக்க வேண்டும் என்பதில்லை, குழந்தைகளோடு நீண்ட காலம் வேலை செய்த ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மாதம் இருமுறை, வீடியோ காலில்கூடப் போதும், கட்டணம் கொடுத்தே வையுங்கள், ஓசிக்கு வைத்தால் மூன்றாவது மாதம் நின்றுவிடும். அடுத்து, இரண்டு பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் பெரிய சிக்கல் இல்லாத பிள்ளைகள், பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு. நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். சம்மதம் இருந்தால் குரலை மட்டும் பதிவு செய்து நீங்களே கேளுங்கள், கேள்விகளை எண்ணுங்கள். அதன் பிறகு நீண்ட படிப்பு ஒன்றில் சேருங்கள், அப்போது வகுப்பில் சொல்வதெல்லாம் உங்கள் இரண்டு பிள்ளைகளின் முகத்தோடு சேர்ந்து மனசில் நிற்கும்.

ஆறு வார இறுதிக்காரர்களிடம் இன்னும் ஆசை இருந்தால், பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்: சொல்லிக் கொடுப்பவர் இப்போதும் குழந்தைகளைப் பார்க்கிறாரா, எந்த ஊரில், எந்த மொழியில்? நான் இதைக் கேட்ட ஓர் இடத்தில் போனையே வைத்துவிட்டார்கள்.

பலகையில் என்ன போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பெயர், எம்.எஸ்.டபிள்யூ., பள்ளி கவுன்சலர். கீழே வேண்டுமானால் 'விளையாட்டு வழியாகக் குழந்தைகளோடு பேசுகிறேன்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஏழெட்டுப் பேர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம், அவரவர் நோட்டை எடுத்துவந்து வாசிப்போம், ஒரு மாதம் தமிழில், ஒரு மாதம் மலையாளத்தில். உங்கள் முதல் எண்ணிக்கையோடு வாருங்கள். முப்பத்தொன்றைத் தாண்டியிருந்தால் டீ என் செலவு.